நம்ம ஆல்ப்ஸில் கிருத்திகை

1

நாங்கள் இரண்டாம் முறையாகப் பனிமலைக்குப் போய் வந்து இந்த மார்ச்சோடு ஓராண்டு நிறைகிறது. எதற்கும் ஆண்டு நிறைவு பார்ப்பது என் வழக்கம். கார் வாங்கிய நாள், பிளானோவுக்குக் குடிவந்த நாள், மகள் முதன்முதலில் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்ன நாள், எல்லாவற்றையும் காலண்டர் பார்க்காமல் சொல்வேன். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. இந்த ஒரு நாளை மட்டும் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. காலையில் காபியோடு வந்த என் மனைவி வசந்தா, "போன வருசம் இன்னிக்குத்தானுங்க என்னையக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க" என்றாள்.

ஆங்கிலத் தேதிப்படி அவள் சொன்னது சரி. நட்சத்திரப்படி சரியில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். போன வருஷம் அந்தப் பேச்சால் என்ன ஆயிற்று என்பது நினைவுக்கு வந்ததால் காபியைக் குடித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா என்றாலே பனி என்று நினைத்துக்கொண்டு, வாசலில் பனியை யார் அள்ளிப் போடுகிறார்கள் என்று இன்றும் கடிதத்தில் கேட்கிறார்கள். நாங்கள் இருப்பது டெக்சாஸ். கோடையில் ஈரோட்டுக்கும் பிளானோவுக்கும் உள்ள ஒரே வித்தியாசம், ஈரோட்டில் தெருவில் மனிதர்களைப் பார்க்கலாம் என்பதுதான். குளிர்காலத்தில் என்றைக்காவது சாலையில் மெல்லிசாக ஐஸ் படிந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், கடையில் ரொட்டி தீர்ந்துவிடும், டோல்வேயில் கார்கள் பரதநாட்டியம் ஆடும். மறுநாள் வெயில் அடித்து எல்லாம் காய்ந்துவிடும். உண்மையான பனியைப் பார்க்க வேண்டுமானால் நாங்களும் பயணம்தான் போக வேண்டும். ஒரு முழுப் பகலும் அரை இரவும் வண்டி ஓட்டி, மரமே இல்லாத வடக்கு டெக்சாஸைக் கடந்து, நியூ மெக்சிகோவின் ஒரு மூலையை உரசி, கொலராடோ மலைகளில் ஏற வேண்டும்.

அங்கே ஒரு பெரிய ஸ்கீ ஊர், அதாவது பனிச்சறுக்கு ஊர், இருக்கிறது. ஆல்ப்ஸ் மலை கிராமங்களைப் பார்த்துச் செய்தது. மரத்தாலான பால்கனிகள், மணிக்கூண்டு, ஜெர்மன் எழுத்தில் ஓட்டல் பெயர்கள், கம்பளித் தொப்பி விற்கும் கடைகள். ஐரோப்பாவைப் பற்றிப் புத்தகங்களில் படித்துப் படித்து நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட அது ஐரோப்பா மாதிரியே இருந்தது. முதல் தடவை இறங்கியதுமே வசந்தா அதற்கு "நம்ம ஆல்ப்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயரும் பின்னால் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

2

"நம்ம" என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. வேறொருவருக்கு ஏற்கெனவே ஓர் ஆல்ப்ஸ் இருந்ததுதான் காரணம்.

என் அண்ணன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். துணி வாங்குகிறவர்களைப் பார்க்க ஒருமுறை ஐரோப்பா போனபோது அண்ணியையும் அழைத்துப் போனார். ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலை உச்சியில், முழங்கால் வரை பனியில், வான நீலச் சேலையில் அண்ணி கையை விரித்து நிற்கும் படம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் சினிமாப் பாட்டுகளில் கதாநாயகன் மட்டும் கோட்டு, கழுத்துத் துணி, கையுறை எல்லாம் போட்டிருப்பான். கதாநாயகி ஒற்றைச் சேலையில் பனியில் உருளுவாள். அந்தப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்ததுபோல இருந்தது அந்தப் படம். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். அதன் பக்கத்தில் எங்கள் படம். பிளானோவுக்கு முன் குடியிருந்த இர்விங் அபார்ட்மெண்டின் கார் நிறுத்தும் இடத்தில், குப்பைத் தொட்டிக்கு முன்னால், மூவரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது.

வீட்டுக்கு வருகிறவர்கள் நீலச் சேலையைப் பார்த்துவிட்டு எங்கள் படத்துக்கு வந்ததும், "இவங்களும் வெளிநாட்டுலதான் இருக்காங்களா?" என்று கேட்பார்களாம். இதை வசந்தாவிடம் சொன்னது அண்ணியேதான். நல்ல மனதோடுதான் சொன்னார். அது இன்னும் மோசம்.

1993 டிசம்பர் கடைசியில் நாங்கள் முதல்முறை போனதன் ரகசியம் இதுதான். மகள் நித்யாவுக்கு அப்போது ஆறு வயது. குக்கர், அரிசி, புளிசாதம், ஊறுகாய், பட்டுச்சேலை ஆகியவற்றோடு கிளம்பினோம். கம்பியில் தொங்கிப் போகும் கண்ணாடிப் பெட்டியில் ஏறி, கோண்டோலா என்கிறார்கள், உச்சிக்குப் போனோம். வசந்தா கோட்டைக் கழற்றினாள். உள்ளே அரக்குப் பட்டு, மாங்காய் பார்டர். கையை விரித்தாள். நான் பொத்தானை அமுக்கினேன். கேமரா ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. குளிரில் பேட்டரி செத்துவிட்டது. மாற்று பேட்டரி காரில் இருந்தது. கார் அடிவாரத்தில் இருந்தது. கீழே போய் எடுத்து வருவதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விடும் என்றார்கள்.

திரும்பும் வழியில் அமரில்லோ வரும்வரை வசந்தா பேசவில்லை. அமரில்லோ சிறிய தூரம் இல்லை.

3

மறு வருஷமே திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. கிரீன் கார்டு வரட்டும் என்று இருந்தோம். இங்கே எதைக் கேட்டாலும் எல்லோரும் சொல்கிற பதில் அதுதான். சோபா மாற்றலாமா? கிரீன் கார்டு வரட்டும். இன்னொரு பிள்ளை? கிரீன் கார்டு வரட்டும். கைரேகை எடுத்தார்கள், அது காலாவதியாகிவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். இடையில் என் விரல்கள் மாறியிருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அதற்கு எடுக்கும் போட்டோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நேராகப் பார்த்து எடுத்தால் அரசாங்கம் ஏற்காது. முகத்தை முக்கால்வாசி திருப்பி, வலது காது முழுசாகத் தெரிய வேண்டும். போட்டோ எடுத்தவர் என் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, காதின் மேல் கிடந்த முடியை ஒதுக்கி, ஒரு வழியாக எடுத்தார். அமெரிக்காவில் குடியிருக்கத் தகுதி என் காதுக்குத்தான் கிடைத்திருக்கிறது, மீதி நான் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். கூடுதலாக வந்த பிரதி ஒன்றை அப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். "எதுக்குடா காதக் காட்டிக்கிட்டு நிக்கற?" என்று எழுதியிருந்தார்.

இதற்குள் நித்யா வளர்ந்துவிட்டாள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பள்ளித் தோழியின் குடும்பத்தோடு இரண்டு மூன்று தடவை நம்ம ஆல்ப்ஸுக்கே போய் ஸ்கீ கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அம்மா சேலையோடு போய்ப் படம் எடுக்க முடியாமல் வந்த மலையில், இவள் இரண்டு குச்சிகளை ஊன்றிக்கொண்டு பறந்து வருகிறாள். நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வசந்தா அவளிடம் கேட்டதெல்லாம், உச்சியில் காற்று எப்படி என்பதுதான்.

2000 பிறந்து, கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்ற பயமெல்லாம் ஓய்ந்து, நாங்கள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய நாட்களில் அண்ணன் போன் செய்தார். திருப்பூரில் புது வீடு, வருகிற கோடையில் புதுமனை புகுவிழா. கூடத்துச் சுவரில் குடும்பப் படங்களுக்கென்று தனி இடம் விட்டிருக்கிறதாம்.

"உங்களுது ஒண்ணு பெருசா அனுப்பி உடு. அந்தக் குப்பைத் தொட்டிப் படம் வேண்டாம்டா. ஊரே வந்து பாக்கும்."

போனை வைத்துவிட்டு அண்ணன் சொன்னதைச் சொன்னேன். வசந்தா அடுப்பை அணைத்தாள்.

"ஏனுங்க, ஸ்ப்ரிங் பிரேக் எப்பங்க வருது?"

4

கிளம்புவதற்கு முன் நித்யா ஒப்பந்தம் போட்டாள். வசந்த விடுமுறையில் பாதி பிளானோ அந்த மலையில்தான் இருக்கும். அவள் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். ஆகவே அவள் தனியாக ஸ்கீ செய்வாள், நாங்கள் எதிரில் வந்தால் கையை ஆட்டக் கூடாது, முக்கியமாக, சேலையை வெளியே காட்டுகிற சமயத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வசந்தா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவள் மனம் பார்டரில் இருந்தது.

ஊர் பெரிதாகிவிட்டிருந்தது. முன்பு காரை நிறுத்திய இடத்தில் ஓட்டல்கள் நின்றன. இப்போது காரை எங்கோ விட்டுவிட்டு பஸ் பிடித்து வர வேண்டும். மணிக்கூண்டு மட்டும் அப்படியே இருந்தது. கோண்டோலா வரிசை திருப்பதியை நினைவூட்டியது. இந்த முறை நான் பேட்டரிகளைப் பனியனுக்குள் வயிற்றோடு கட்டி வைத்திருந்தேன். புது ரோல் போட்டு, வீட்டிலேயே சரிபார்த்து, கேமராவையும் கோட்டுக்குள் வைத்திருந்தேன். வரலாற்றில் தோற்ற படைகள் எதனால் தோற்றன என்று நிறையப் படித்திருக்கிறேன். போன போரின் தவறை மட்டும் திருத்திக்கொண்டு அடுத்த போருக்குப் போவதுதான் காரணம்.

உச்சியில் வசந்தா கோட்டைக் கழற்றி, வழிகாட்டும் பலகைக் கம்பத்தில் மாட்டினாள். ஸ்கீ போட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் "ப்யூட்டிஃபுல்" என்றாள். வசந்தா கையை விரித்தாள். காற்று வந்தது.

சினிமாப் பாட்டில் காற்று இயக்குநர் சொன்னபடி கேட்கும், முந்தானை பின்பக்கமாக அழகாகப் பறக்கும். இங்கே முந்தானை நேராக எழுந்து முகத்தை மூடியது. அதை விலக்கினால் கொசுவம் குடை மாதிரி விரிந்தது. கொசுவத்தைப் பிடித்தால் முந்தானை என் பக்கம் வந்து லென்ஸைத் துடைத்தது. "இப்ப எடுங்க, இப்ப எடுங்க" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. ரோல் தீர்ந்தது. கழுவிப் பார்த்தபோது எல்லாப் படத்திலும் நல்ல அரக்குப் பட்டு இருந்தது. ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கொடுக்கலாம்.

திரும்பினால், கம்பத்தில் கோட்டு இல்லை. அது தனியாகச் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, கைகளை வீசிக்கொண்டு. அதே சமயம் ஒலிபெருக்கியில், காற்று அதிகமானதால் கோண்டோலா நிறுத்தப்படுகிறது, ஸ்கீ தெரிந்தவர்கள் ஸ்கீயில் இறங்கலாம், மற்றவர்கள் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள்.

என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். பச்சைக் கோட்டு. பட்டுக்கு மேல் வேண்டாம் என்றாள். கட்டாயப்படுத்தித் தோளில் போட்டேன். அவள் பனியில் உட்கார்ந்தாள்.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம். அந்தக் குப்பைத் தொட்டியே இருக்கட்டும் செவுத்துல. நமக்கு அதுதான் குடுத்து வெச்சிருக்குது."

அவள் கண் கலங்கியிருந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

5

அப்போதுதான் சிவப்புக் கோட்டில் வெள்ளைச் சிலுவை போட்ட ஒருவர் வந்து எங்கள் முன்னால் மண்டியிட்டார். மலையில் அடிபட்டவர்களை மீட்கும் ஸ்கீ பேட்ரோல்காரர். நெடிய உருவம், மெதுவான குரல். யாரோ போய், மேலே ஒரு பெண் குளிரில் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நிற்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. குளிர் உடம்பில் மிஞ்சிப் போனவர்கள் கடைசிக் கட்டத்தில் எரிகிறது என்று துணியைக் கழற்றிப் போடுவார்கள், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். துருவப் பயணிகளின் கதைகளில் நானே படித்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர் வசந்தாவிடம், கோட்டை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். போட்டோவுக்கு என்றாள். யாருக்குப் போட்டோ? கோ-சிஸ்டருக்கு என்றாள். ஓரகத்திக்கு ஊரில் நாம் சொல்லும் ஆங்கிலம் அது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? நேற்று இரவு. ஏன்? கடவுளுக்காக.

அவர் இன்னும் மென்மையான குரலில், இன்றைக்கு என்ன நாள் தெரியுமா என்று கேட்டார்.

"டுடே கிருத்திகை" என்றாள் வசந்தா.

இங்கே நான் குறுக்கிட்டேன். குறுக்கிடாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஓட்டல் அறையிலேயே தொடங்கிய வாக்குவாதம் அது. வசந்தா ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து விரதம் இருப்பவள். ஊரில் பொழுது விடியும்போது இங்கே முந்தின நாள் சாயங்காலம். ஆகவே அங்கே கிருத்திகை நட்சத்திரம் இருக்கும் நேரம் இங்கே முந்தின நாளே தொடங்கி, விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. கணக்குப்படி விரதம் நேற்றே முடிந்தது, இன்று அவள் பட்டினி கிடப்பது முருகனுக்குக்கூடத் தெரியாது.

"நோ, நோ, யெஸ்டர்டே" என்றேன்.

"காலண்டர்ல இன்னிக்குத்தான போட்டிருக்குது?"

"அது இந்தியா டைம்."

"முருகனுக்கு ஏதுங்க டெக்சாஸ் டைமு?"

பேட்ரோல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது என் கண்களையும் சிறு விளக்கடித்துப் பார்த்தார். பிறகு வசந்தாவின் பக்கம் திரும்பி, நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா என்றார்.

அவள் களைத்துப்போய், யோசிக்காமல், ஆறு வருஷமாக வீட்டில் சொல்லி வருவதைச் சொன்னாள்.

"ஆல்ப்ஸ்."

அவர் வாக்கி-டாக்கியை எடுத்தார்.

கோண்டோலா நின்றது தெரிந்து, வேறொரு லிஃப்ட் பிடித்து எங்களைத் தேடி நித்யா வந்து சேர்ந்தது அப்போதுதான். அடிபட்டவர்களைப் பனியில் இழுத்துப் போகும் சிவப்பு ஸ்லெட் ஒன்று வந்திருந்தது. கம்பளிகளும் வார்களும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேட்ரோல்காரர் அவளிடம், உன் அம்மா வழக்கமாக இப்படித்தான் பேசுவாரா என்று விசாரித்தார். எப்போதும் இப்படித்தான், அப்பா இன்னும் மோசம் என்று அவள் ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னாள். சிறு பெண் பயத்தில் மறைக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வசந்தாவைக் கம்பளியால் சுற்றி ஸ்லெட்டில் படுக்கச் சொன்னார்கள். சேலை கசங்கும், படுக்க மாட்டேன் என்றாள். பேட்ரோல்காரர் பேசிப் பார்த்தார். நித்யா பேசிப் பார்த்தாள். கடைசியில் அவளை உட்கார வைத்தே வாரைப் போட்டார்கள். வசந்தா என் பச்சைக் கோட்டைக் கழற்றி என்னிடமே நீட்டினாள்.

எனக்கு ஸ்லெட்டில் இடமில்லை. சங்கிலிச் சக்கர வண்டி வரும், காத்திருங்கள் என்றார்கள்.

6

இதற்கு மேல் நான் நேரில் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முன்னால் பேட்ரோல்காரர் ஸ்லெட்டின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஸ்கீயில் இறங்க, பின்னால் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, நடுவில் வசந்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளாம். முதல் வளைவில் பயந்தாள். இரண்டாவது வளைவில் கண்ணைத் திறந்தாள். அதற்குப் பிறகு நன்றாக இருந்ததாம். சரிவில் இருந்தவர்கள் எல்லாம் ஓரம் கட்டி நின்று வழி விட்டார்கள். கம்பளி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து பட்டு வெளியே வந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை.

நித்யா பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள். அடிவாரத்தில் மணிக்கூண்டுக்கு எதிரே அவள் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஸ்லெட்டில் வருவது யார் என்று ஒருவன் கேட்டானாம். அவள் ஒப்பந்தப்படி விலகிப் போயிருக்கலாம். "தட்ஸ் மை மாம்" என்று கத்தினாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தமிழில், "நேரா உக்காரும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

நான் வண்டியில் இறங்கி வந்து சேர்ந்தபோது முதலுதவி அறையில் அவர்கள் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். தேடிப் போனால், ஊர் நிர்வாகம் நடத்தும் போட்டோக் கடையில் இருந்தார்கள். அடிவாரத்தில் கேமராவோடு நின்று, சறுக்கி வருகிறவர்களைப் படம் எடுத்து விற்கிற ஆட்கள் அங்கே உண்டு. வசந்தா கையில் ஹாட் சாக்லேட். விரதம் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. "பால்தானுங்களே" என்று அவளே சொன்னாள்.

கடைக்காரப் பெண் படத்தைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைப் பனி, சிவப்பு ஸ்லெட், அதில் அரக்குப் பட்டில் வசந்தா, உற்சவர் திருவீதி உலா வருவதுபோல நிமிர்ந்து. முந்தானை, சொன்னபடி கேட்டு, பின்பக்கமாகப் பறக்கிறது. பக்கத்தில் பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நித்யா. பின்னால் மணிக்கூண்டு. திரும்பும் வழியில் அமரில்லோ வரும்வரை வசந்தா பேச்சை நிறுத்தவில்லை.

படத்தைப் பெரிதாக்கித் திருப்பூருக்கு அனுப்பினோம். அப்பா போனில், "மருமவளப் பல்லக்குல வெச்சு இழுக்கறாங்க, நீ எங்கடா போன?" என்று கேட்டார். மலையில் நின்றுகொண்டிருந்தேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை.

கோடையில் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். கூடத்துச் சுவரில் நடு ஆணியில் எங்கள் படம் தொங்கியது. நீலச் சேலைப் படத்தை அண்ணியே கழற்றிப் பக்கத்து ஆணிக்கு மாற்றியிருந்தார். "அங்க எங்கள யாரு இழுத்தா? நடந்துதான் எறங்குனோம். அடுத்த தடவ என்னைய உங்க ஆல்ப்ஸுக்குக் கூட்டிட்டுப் போ" என்று வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

படத்தின் கீழ் மூலையில் ஏதோ வட்டமாகத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். குடும்பப் படத்தில் குடும்பத் தலைவன் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று அப்பா யோசித்து, கையில் இருந்த என்னுடைய ஒரே தனிப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறார். கட்சிப் போஸ்டர் மூலையில் வட்டச் செயலாளர் இருப்பாரே, அப்படி ஒரு வட்டத்துக்குள் நான், முக்கால் முகம் திருப்பி.

விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணிதான் படத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது எங்க வசந்தா. இது நித்யா. அந்தக் காது என்ற கொழுந்தனாருங்க."